நகைக் கணக்கு வேறு, பிள்ளைக் கணக்கு வேறு!



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி தன் கஷ்டத்தை எழுதியிருந்தார். கணவரோடு ஒத்துப்போகாமல் இரண்டு வருடமாகத் தாய் வீட்டில் இருக்கிறாராம். பெரியவர்கள் பேசி ஒரு தொகை வாங்கித் தருகிறார்களாம். அதோடு எல்லாம் தீர்ந்தது என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்களாம். போடலாமா, வேண்டாமா என்று கேட்டிருந்தார். பதில் எழுதிய வாசகிகளில் பாதிப்பேர் "பொறுத்துப் போங்கள்" என்றும், மீதிப்பேர் "கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றும் எழுதினார்கள். சேர்ந்து வாழ்வதா, பிரிவதா என்பது அவரவர் வீட்டு விஷயம். நான் எழுத வந்தது அந்தத் தொகையைப் பற்றி. கத்தரிக்காய் வாங்கினால்கூட கிலோ என்ன, கூறு என்ன என்று கேட்கிற நாம், அந்த ஒரே தொகைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று கேட்கவே இல்லையே என்று இருந்தது.

நான் பெண் வீட்டுக்காரி இல்லை. பையனின் அக்கா. சீரியலில் கண்ணை உருட்டிக்கொண்டு வருவாளே, அந்த நாத்தனார் ஸ்தானம். என் தம்பிக்கு 2012ல் கல்யாணம் ஆனது. ஒரு பெண், ஒரு பையன். ஏன் பிரிந்தார்கள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. குடி, அடி உதை என்று ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் குறை உண்டு. முதலில் பேச்சு நின்றது, பிறகு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது நின்றது. 2023 தீபாவளிக்குப் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் ஆவணியில் பஞ்சாயத்து வைத்தார்கள்.

எங்கள் அம்மா வீட்டு ஹாலில்தான் உட்கார்ந்தார்கள். எங்கள் பெரியப்பா, இரண்டு மாமாக்கள், அவள் அப்பா, அவள் அண்ணன். காபி குடித்து முடிப்பதற்குள் பெரியப்பா முடிவைச் சொல்லிவிட்டார். "அஞ்சு லட்சம் ரொக்கமா குடுத்துடறோம். அவ கையில இருக்கிற நகை அவளுக்கு. பிள்ளைங்க அம்மாகிட்டயே இருக்கட்டும். இதோட ரெண்டு வீட்டுக்கும் பேச்சு முடிஞ்சுது." அவள் அப்பா சர்க்கரை வியாதிக்காரர். அலைந்து அலைந்து ஓய்ந்து போயிருந்தார். தலையை ஆட்டிவிட்டார். பத்திரத்தாளில் டைப் அடித்து ரெடியாக வைத்திருந்தார்கள். "இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம்" என்று ஒரு வரி. "இனி எக்காலத்திலும் எனக்கோ என் மைனர் குழந்தைகளுக்கோ யாதொரு பாத்தியதையும் கிடையாது" என்று இன்னொரு வரி. அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அண்ணி, நீங்க சொன்னா போட்டுடறேன்" என்றாள்.

"பெரியப்பா, இந்த அஞ்சு லட்சம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"எதுக்குன்னா? எல்லாத்துக்கும்தான்."

அந்த 'எல்லாம்' என்ன என்று அங்கேயே ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். கல்யாணத்துக்கு அவளுக்குப் போட்டது 35 பவுன். அதில் 18 பவுனை 2016ல் விற்றுத்தான் என் தம்பி பேரில் ஒரு மனை வாங்கினார்கள். 8 பவுன் எங்கள் அம்மா பீரோவில் இருக்கிறது. அவள் கையில் இருப்பது 9 பவுன் மட்டும். ஆக "கையில இருக்கிற நகை அவளுக்கு" என்று பெரியப்பா சொன்னது கேட்க நன்றாக இருந்தாலும், 26 பவுன் சத்தமில்லாமல் கணக்கை விட்டுப் போயிருந்தது. இன்றைய பவுன் விலையில் அந்த 18ஐப் பெருக்கிப் பாருங்கள், அதுவே அஞ்சு லட்சத்தைத் தாண்டி எங்கேயோ போய்விடும்.

சரி, நகையை விடுவோம், அஞ்சு லட்சமும் பிள்ளைகளுக்கே என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு என்ன ஆகிறது? பையனுக்கு அப்போது 6 வயது. அவனுக்கு 18 ஆக 12 வருடம், அதாவது 144 மாதம். அஞ்சு லட்சத்தை 144ஆல் வகுத்தால் மாதம் 3,472 ரூபாய். ரெண்டு பிள்ளைக்கும் சேர்த்துத்தான். ஆளுக்கு 1,736. பெண்ணின் ஸ்கூல் வேனுக்கும் டியூஷனுக்குமே அது சரியாகப் போய்விடும். தாளைப் பெரியப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இன்னொரு நாள் உக்காருவோம்" என்று எழுந்துவிட்டார். என் தம்பி வாசலில் வந்து, "அக்கா, நீ யாருக்கு அக்கா?" என்று கேட்டான். "உனக்குத்தான்டா. ஆனா அந்தப் பிள்ளைங்களுக்கு நான் அத்தை" என்றேன். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு அவளை நான்தான் கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். இலவச சட்ட உதவி என்றால் ரேஷன் கார்டு, வருமானச் சான்று எல்லாம் கேட்பார்கள் என்று நினைத்தோம். அப்படி இல்லை. 1987ம் வருடத்துச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே வக்கீல் வைத்துத் தர வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஒரு வயதான வக்கீலம்மா. அந்தப் பத்திரத்தின் நகலைப் படித்துவிட்டு, "நல்லவேளை போடலை" என்றார். அவர் சொன்னதையும், பிறகு நானே கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் நகை. கல்யாணத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும் ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீட்டாரும், புகுந்த வீட்டாரும், மற்றவர்களும் கொடுத்த நகை, பாத்திரம், பணம் எல்லாம் ஸ்திரீதனம், அது அவளுக்கே சொந்தம். மாமியார் பீரோவில் வைத்ததாலேயே அது குடும்பச் சொத்து ஆகிவிடாது, திருப்பித் தர மறுத்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லியிருக்கிறது. அவசரத்துக்கு விற்றுச் செலவு செய்துவிட்டால்? அதற்கும் பதில் இருக்கிறது. கேரளத்துத் தம்பதியின் வழக்கு ஒன்றில் 89 பவுன் நகை போனதற்காக மனைவிக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கஷ்ட காலத்தில் கணவன் மனைவி நகையை எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமை அவனுக்கு உண்டு என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். ஆக, நகையைத் திருப்பிக் கொடுப்பது தானமும் இல்லை, சலுகையும் இல்லை. அவள் பொருள் அவளிடம் வருகிறது, அவ்வளவுதான். "நகையெல்லாம் குடுத்தாச்சு, இனிமே பிள்ளைக்கு என்ன காசு?" என்று பேசுவது எங்கள் பக்கத்தில் எல்லாப் பஞ்சாயத்திலும் கேட்கிற வார்த்தை. இரவலாக வாங்கிப் போன அண்டாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மளிகைக் கடன் தீர்ந்தது என்று சொல்வது போல இருக்கிறது.

நிரூபிப்பது எப்படி என்பதுதான் பெரிய பாடு. நம் ஜனங்கள் நகைக் கடை ரசீதை யார் பத்திரமாக வைக்கிறார்கள்? வக்கீலம்மா கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவரச் சொன்னார். கழுத்தில் என்ன, கையில் என்ன, இடுப்பில் என்ன என்று போட்டோவைப் பார்த்து நானும் அவளும் ஒரு மத்தியானம் முழுக்க எழுதினோம். நடுவில் அவளுக்கு அழுகை வந்தது, எனக்கும்தான். நகையை விற்றபோது கடையில் கொடுத்த ரசீது ஒன்று அவளுடைய பழைய கைப்பையில் கிடைத்தது. அதே வாரத்தில் மனை பத்திரம் பதிவாகியிருக்கிறது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் தேதி வந்துவிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் என் தம்பியால் ஒன்றும் பேச முடியவில்லை. சகோதரிகளே, அடகுச் சீட்டு, பழைய நகையைப் போட்டுப் புதியது வாங்கிய பில், எதையும் கிழித்துப் போடாதீர்கள். சண்டை வரும் என்பதற்காகச் சொல்லவில்லை. நல்ல குடும்பத்திலும் அது உங்கள் பொருளுக்கான சாட்சி.

இனி பிள்ளைகள் கணக்கு. இதில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். ஜீவனாம்சம் என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் மனைவிக்கு உள்ள உரிமை வேறு, பிள்ளைக்கு உள்ள உரிமை வேறு. மனைவி தனக்கு வேண்டாம் என்று சொல்லலாம். பிள்ளைக்கு வேண்டாம் என்று அம்மா எழுதிக் கொடுக்க முடியாது. எழுதிக் கொடுத்தாலும் அது பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. அந்தப் பத்திரத்தில் இருந்த "என் மைனர் குழந்தைகளுக்கோ" என்ற வார்த்தைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட பெண்ணுக்கு அது தெரியாதே! "எழுதிக் குடுத்துட்டோமே" என்று பயந்து கேட்காமலே இருந்துவிடுவாள். வக்கீல் இல்லாமல் டைப் அடிக்கிறவர்களுக்கு அது போதும்.

"மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம்" என்ற வரி இதைவிடப் பொல்லாதது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125வது பிரிவு என்று காலம்காலமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டத்தில் 144வது பிரிவு. எண் மாறியதே தவிர விஷயம் அநேகமாக அதேதான். கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிந்து வாழ்ந்தால் மனைவி அந்தப் பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கேட்க முடியாது என்று அதிலேயே இருக்கிறது. ஆக, மரியாதையாகத் தோன்றும் அந்த ஒரு வரி அவளுடைய வழியை அடைத்துவிடும். பிள்ளைகளுக்கு அந்தத் தடை கிடையாது. இன்னொன்று, சில சமூகங்களில் வழக்கமாக இருந்து வந்ததை நிரூபித்தால் தவிர, பஞ்சாயத்தில் எழுதுவது விவாகரத்தே ஆகாது. கோர்ட் தீர்ப்பு வரும்வரை அவள் சட்டப்படி மனைவிதான்.

எவ்வளவு கேட்கலாம்? ஒரு காலத்தில் இந்தப் பிரிவில் மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு. 2001ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது வரம்பு இல்லை. அப்பாவின் வருமானமும் பிள்ளையின் தேவையும்தான் கணக்கு. அதனால் தேவை இன்னது என்று காட்டத் தெரிந்திருக்க வேண்டும். வக்கீலம்மா ஒரு மாதம் முழுக்க பிள்ளைகள் செலவை மட்டும் தனி நோட்டில் எழுதச் சொன்னார். வருடத்துக்கு ஒருமுறை வரும் ஸ்கூல் ஃபீசை 12ஆல் வகுத்துப் போட்டோம். வேன், டியூஷன், பால், முட்டை, ஷூ, ஜுரம் வந்தால் டாக்டர் ஃபீஸ், ஸ்கூலில் திடீரென்று கேட்கிற சார்ட், கலர் பேப்பர் வரைக்கும் எழுதினாள். வீட்டு வாடகையைச் சேர்க்காமலே 16,000 ரூபாய்க்கு மேல் வந்தது. அவளே வாயடைத்துப் போனாள். நாம் தினமும் செய்கிற செலவுதான், ஆனால் கூட்டிப் பார்த்ததே இல்லை.

அப்பாவின் வருமானத்தைக் காட்டுவது அடுத்த தலைவலி. சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டு இருக்கிறது. என் தம்பி ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கிறான். பஞ்சாயத்தில் கேட்டால் "கடை நஷ்டத்துல ஓடுது" என்பான். கடைக்காரர்கள் எல்லாரும் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகும்போது ஒரு வருமானமும், ஜீவனாம்சம் என்றால் ஒரு வருமானமும் சொல்வார்கள், இது நம் ஊர் வழக்கம்! இதற்காகத்தான் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஜீவனாம்ச வழக்கில் இரண்டு பேருமே தங்கள் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு எல்லாம் அதில் வரும். பொய் சொன்னால் அதற்குத் தனியாக நடவடிக்கை உண்டு. இது மனைவிக்கும் சேர்த்துத்தான். தான் வேலைக்குப் போவதை மறைத்துவிட்டு "வருமானமே இல்லை" என்று எழுதும் பெண்களும் இருக்கிறார்கள். அது வெளியே வந்தால் சொன்ன உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. வழக்கு இழுத்தாலும் அந்த மாதங்கள் வீணாகாது. இடைக்கால உதவி கேட்ட மனுவை, எதிராளிக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் முடிந்தவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் தள்ளித்தான் போகிறது.

எங்கள் சின்ன மாமா ஒரு கேள்வி கேட்டார். "அவதான் இப்ப ஜவுளிக்கடையில கணக்கு எழுதி மாசம் 11,000 வாங்கறாளே, அப்புறம் என்ன?" மனைவி சம்பாதிப்பதாலேயே ஜீவனாம்சம் கிடையாது என்று ஆகிவிடாது என்பதையும் அதே 2020 தீர்ப்பு சொல்லியிருக்கிறது. பிள்ளைகளின் செலவில் அம்மாவின் சம்பாத்தியத்துக்கு ஏற்ற பங்கு அவளும் போடலாம், அது நியாயம். அவள் சம்பாதிக்கிறாள் என்பதற்காக அப்பா முழுக்கக் கை கழுவ முடியாது. நான் மாமாவிடம், "காலையில அஞ்சு மணிக்கு எழுந்து ரெண்டு டிபன் பாக்ஸ் கட்டறதுக்கு யார் மாமா சம்பளம் குடுக்கறா?" என்று கேட்டேன். அதற்கு அத்தை உள்ளே இருந்து சிரித்தார்கள்.

வயதைப் பற்றி ஒரு விஷயம். 144வது பிரிவில் பையனுக்கு 18 வயது வரைதான், உடம்பாலோ மனதாலோ இயலாத பிள்ளையாக இருந்தால் தவிர. பெண்ணுக்கு, தானாகச் சம்பாதித்து வாழ முடியாத நிலையில் இருந்தால், கல்யாணம் ஆகும் வரை அப்பாவிடம் கேட்க 1956ம் வருடத்து இந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்துக் காலேஜுக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய வயதும் 18, பையனுக்குச் சட்டம் கையை விடுகிற வயதும் அதே 18. அதனால் உடன்படிக்கை எழுதும்போதே மேல்படிப்புச் செலவு யார் பொறுப்பு என்பதை ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். அவள் முதலில் இதைக் கேட்கத் தயங்கினாள். "அதுக்கு இன்னும் எவ்வளவோ வருஷம் இருக்கே அண்ணி" என்றாள். பன்னிரண்டு வருடம் என்பது நம் கண்முன்னால் ஓடிப்போகிற காலம்தானே.

பெண் வீட்டாருக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். "பணம் வரலையா, பிள்ளையைக் கண்ணுல காட்டாதே" என்று அவள் அண்ணன் சொல்லிக் கொடுத்தான். நான் கடுமையாகவே சண்டை போட்டேன். பணம் தராவிட்டால் அதை வசூல் செய்ய வழி இருக்கிறது. அப்பாவைப் பார்ப்பது பிள்ளையின் தேவை, அதைப் பிணை வைக்கக் கூடாது. அதே போல "ஞாயித்துக்கிழமை பிள்ளையை அனுப்பலை, அதனால இந்த மாசம் பணம் இல்லை" என்று என் தம்பியும் ஒரு தடவை சொன்னான். அதுவும் செல்லாது.

சொத்து விஷயத்தில் பெண்களுக்கு நிறையத் தவறான எண்ணம் இருக்கிறது. டி.வி.யில் வெளிநாட்டு நடிகர்களின் விவாகரத்துச் செய்தியைப் பார்த்துவிட்டு, பிரிந்தால் பாதிச் சொத்து வரும் என்று நினைக்கிறோம். நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் இல்லை. கணவனின் வீட்டில் மனைவிக்குப் பங்கு தரும் ஒரு மசோதா 2013ல் ராஜ்ய சபாவில் நிறைவேறியது, ஆனால் சட்டமாக வரவே இல்லை. வீடு, மனை யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருடையது என்பதுதான் பொதுவாக எடுக்கிற நிலை. தான் பணம் போட்டதை மனைவிதான் காட்ட வேண்டும். இரண்டு பேர் பெயரிலும் பதிவு செய்திருந்தால் பாதி வழக்கு அங்கேயே குறைந்துவிடும்.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. கணவர் சவுதியில் பல வருடம் வேலை பார்த்துப் பணம் அனுப்ப, மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்து யாருக்கு என்று வழக்கு. வீட்டைக் கவனித்துக்கொள்ளும் மனைவியின் உழைப்பும் அந்தச் சம்பாத்தியத்துக்குப் பங்களிப்புதான் என்று சொல்லி, மனைவிக்கும் சரிபாதி உண்டு என்று நீதிபதி தீர்ப்பளித்தார். படித்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனாலும் ஞாபகம் வையுங்கள், அது ஒரு வழக்கில் வந்த தீர்ப்பு, எல்லாருக்கும் தானாகப் பொருந்திவிடும் சட்டம் அல்ல.

பிள்ளைகளுக்கு வருவோம். அப்பா அம்மா பிரிந்தாலும், விவாகரத்தே ஆனாலும், அப்பா மறுமணம் செய்துகொண்டாலும் இந்தப் பிள்ளைகள் அவருக்கு வாரிசுதான். பூர்வீகச் சொத்தில் பையனைப் போலவே பெண்ணுக்கும் பிறப்பால் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989லும், நாடு முழுவதற்கும் 2005லும் அந்த உரிமை வந்தது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்ததை அவர் உயில் எழுதி வேறு யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அதைத் தடுக்க முடியாது. மனைவியைப் பொறுத்தவரை, பிரிந்து வாழ்ந்தாலும் விவாகரத்து ஆகாத வரை கணவனுக்கு வாரிசு. விவாகரத்து ஆகிவிட்டால் இல்லை. குடியிருந்த வீட்டைவிட்டு வெளியே தள்ளினால், வீடு யார் பெயரில் இருந்தாலும், 2005ம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அங்கே தங்கும் உரிமையைக் கேட்கலாம்.

எங்கள் வீட்டு விஷயம் எப்படி ஆனது என்று கேட்பீர்கள். கோர்ட்டில் மனு போட்டதும் சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். ஐந்து முறை உட்கார்ந்தார்கள். மூன்று கணக்கையும் மூன்று தாளில் தனித்தனியாகப் பேசினார்கள், அதுதான் பாதித் தகராறைக் குறைத்தது. அம்மா பீரோவில் இருந்த நகையை அந்த வாரமே கொடுத்தாகிவிட்டது. ஒரு ஜோடி வளையல் மட்டும் குறைகிறது, எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. விற்ற 18 பவுனுக்குப் பணமாக வேண்டாம், பவுனுக்குப் பவுனாகக் கொடுக்கட்டும் என்று வக்கீலம்மா சொன்னார். ஆறு மாதத்துக்கு 3 பவுன் வீதம் மூன்று வருடம். தங்கம் விற்கிற விலையில் என் தம்பிக்கு அது கழுத்தை நெரிக்கிற பாரம்தான். இதுவரை 6 பவுன் கொடுத்திருக்கிறான். பிள்ளைகளுக்கு ஆளுக்கு மாதம் 5,000, ஐந்தாம் தேதிக்குள் பேங்க் கணக்கில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பத்து சதவீதம் கூடும். ஸ்கூல் ஃபீஸை அவனே நேராக ஸ்கூலில் கட்டுகிறான். காலேஜ் செலவில் பாதி அவன் பொறுப்பு என்றும் எழுதியாகிவிட்டது.

ஐந்தாம் தேதி என்பது சில மாதம் பன்னிரண்டு ஆகிவிடுகிறது. அவள் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கிறாள். ஏனென்றால் கோர்ட் உத்தரவுப்படி தராமல் விட்ட பாக்கியை 144வது பிரிவில் வசூலிக்க வேண்டுமென்றால், அது தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். "தருவார், தருவார்" என்று ரெண்டு வருடம் காத்திருந்தால் பழைய பாக்கி அந்த வழியில் கிடைக்காது. காரணமில்லாமல் தராதவரைப் பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை ஜெயிலில் வைக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. என் தம்பிக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் நானும் மூன்றாம் தேதியே போன் செய்து ஞாபகப்படுத்துகிறேன். கையில் ரொக்கமாக மட்டும் வாங்காதே என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ரொக்கத்துக்குச் சாட்சி கிடையாது.

மனைதான் இன்னும் முடியவில்லை. நகைக்கு நகை கொடுத்துவிட்டேன், மனை எனக்கு என்கிறான் தம்பி. 2016ல் என் நகை இல்லாவிட்டால் இந்த மனையே இல்லை, பாதியைப் பிள்ளைகள் பேரில் எழுது என்கிறாள் அவள். எனக்கு அவள் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. மைனர் பிள்ளைகள் பேரில் செட்டில்மென்ட் எழுதிவிட்டால், கோர்ட் அனுமதி இல்லாமல் அப்பாவோ அம்மாவோ அதை விற்க முடியாது. இரண்டு பக்கத்துச் சந்தேகத்துக்கும் அதுவே பூட்டு. எங்கள் அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. "எழுதிக் குடுத்தா அது அவ ஆத்தா வீட்டுக்குத்தானே போகும்?" என்கிறார். பேத்தி பேரில் இருப்பது எப்படி அடுத்த வீட்டுக்குப் போகும் என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அடுத்த பேச்சு தை மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். தொகைக்குப் பக்கத்தில் இது எதற்கு என்று எழுதியிருக்கிறதா, பிள்ளைகள் பெயரைச் சேர்த்து "பாத்தியதை இல்லை" என்று வருகிறதா, "மனமொத்துப் பிரிந்து" என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கல்யாணப் பத்திரிகை, ஆல்பம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஆதார் நகல், நகை ரசீதுகள், ஃபீஸ் ரசீதுகள், பேங்க் பாஸ்புக் இவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு உங்கள் தாலுகா கோர்ட்டில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம். கணவர் ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்று பயப்பட வேண்டாம், ஜீவனாம்ச மனுவை நீங்கள் இப்போது இருக்கும் ஊரிலேயே போடலாம்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி மாவட்டம்.

பி.கு.: பக்கத்து வீட்டு முஸ்லிம் சகோதரி இதைப் படித்துவிட்டு, "எங்களுக்கும் இது உண்டா?" என்று கேட்டார். உண்டு. 144வது பிரிவு எந்த மதத்தவருக்கும் பொது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் பழைய 125வது பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. நான் எழுதிய வாரிசு, பூர்வீகச் சொத்து விவரங்கள் மட்டும் இந்துக்களுக்கான சட்டப்படி. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு. அதை வக்கீலிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளவும்.